இருக்கை மாறும் பந்தயம்



கறம்பக்குடிப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்குப் பந்தயம் என்பது இன்னதென்று சொல்லித் தெரிய வேண்டுவதில்லை. கோயில் திருவிழாக் காலங்களில் புதுக்கோட்டைச் சீமையின் சாலைகளிலே நடைபெறும் மாட்டுவண்டி எல்கைப் பந்தயத்தைக் காணாதவர் இங்கே எவர் இருக்கிறார்? பெரிய மாடு, நடு மாடு, கரிச்சான் மாடு, பூஞ்சிட்டு என்று மாடுகளைத் தரம் பிரிப்பார்கள். தரத்துக்கேற்ப மைல் கணக்கையும் வகுப்பார்கள். நாள்தோறும் பேருந்தும் சரக்கு வண்டியும் போய்வரும் சாலை, அன்று காலை மட்டும் பந்தயச் சாலையாகிவிடும். குறித்த எல்கை வரை போய்த் திரும்பி வரவேண்டும்.

ஒவ்வொரு வண்டியிலும் கயிற்றைப் பிடித்திருக்கும் சாரதி ஒருவர் உண்டு. அவருக்குத் துணையாக வண்டியோடு ஓடுகிறவர் ஒருவரும் உண்டு. நான் சிறுவனாயிருந்தபோது கண்ட ஒரு பந்தயத்திலே, அத்துணைவர் பாதி வழியில் கால் இடறி விழுந்துவிட்டார். வண்டியோ நிற்கவில்லை, நிற்கவும் கூடாது. அது முதலாவதாகவே வந்து சேர்ந்தது. மாட்டுக்குரியவரின் பெயரையும் ஊரையும் ஒலிபெருக்கியில் முழங்கிப் பரிசு கொடுத்து முடிந்த பிறகு, முழங்காலில் இரத்தம் உறைந்திருக்க அந்த மனிதர் தனியே நடந்து வந்தார். அவரை யாரும் ஏறிட்டும் பார்த்ததாக எனக்கு நினைவில்லை. இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் கடல் கடந்த ஒரு மோட்டார்ப் பந்தயத்தைப் பற்றியது. ஆயினும், அதன் வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் அந்த மனிதரின் முகம் என் கண்முன் வருகின்றது.

அந்தப் பந்தயம் பிரான்சு தேசத்தின் வடமேற்கே உள்ள லெ மான் என்னும் நகரில் நடைபெறுவது. (பிரான்சு என்றதும் புதுக்கோட்டையார்க்கு ஒரு பழைய நினைவு எழக்கூடும். மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் தம் அரியணையை விட்டு விலகி வாழ்ந்ததும், 1928இல் உயிர் நீத்ததும் அந்நாட்டில்தான். அவருக்கு விருப்பமாயிருந்தது குதிரைப் பந்தயம். நாம் பேசப்போவது வேறு.) 1923ஆம் ஆண்டு மே மாதத்தில் முதன்முதலாக நடந்த லெ மான் பந்தயத்தில் வெற்றியைத் தீர்மானிக்கும் முறையே தனிப்பட்டது. இத்தனை மைலை யார் விரைவில் கடக்கிறார் என்பதன்று கேள்வி. 24 மணி நேரத்துக்குள் யாருடைய கார் மிகுதியான தொலைவைக் கடக்கிறது என்பதே கேள்வி. சனிக்கிழமை பிற்பகலில் புறப்படுகின்ற கார்கள் இரவெல்லாம் ஓடி, ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் அதே நேரத்துக்கு ஓய்கின்றன. சுற்று ஒன்றுக்கு ஏறத்தாழ 13.6 கிலோமீட்டர். அச்சுற்றின் பெரும்பகுதி ஆண்டின் மற்ற நாட்களில் பொதுமக்கள் வண்டி ஓட்டிச் செல்லும் சாலையே. நம்மூர் எல்கைப் பந்தயம் போலவே அங்கும் சாலையை அடைத்துத்தான் பந்தயம் நடத்துகிறார்கள்.

24 மணி நேரம் ஒருவரே ஓட்டுவது உடலுக்கு ஒவ்வாது. ஆகவே ஒரு காருக்கு ஒருவருக்கு மேற்பட்ட ஓட்டுநர்கள். முன்பு இருவர், இக்காலத்தில் பெரும்பாலும் மூவர். பெட்ரோல் நிரப்ப வந்து நிற்கும் சில நொடிகளுக்குள் ஒருவர் இறங்க வேண்டும், மற்றவர் ஏற வேண்டும். இறங்கியவர் உடனே போய் ஓய்வெடுத்துக்கொள்வதில்லை. ஏறியவரின் தோள்பட்டை வார்களை இழுத்து மாட்டிவிட்டு, கதவை மூடிய பிறகே அப்பால் போகிறார். முந்நூறு கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் ஓட்டிவந்த களைப்பில், கைகள் நடுங்க நடுங்க, தமக்கு அடுத்தவனுக்கு வார் பூட்டிவிடும் அக்காட்சியைப் படச்சுருள்களில் பார்த்திருக்கிறேன். மற்ற மோட்டார்ப் பந்தயங்களில் இதற்கு ஒப்பான காட்சியைக் காண்பது அரிது.

ஆனால் அந்த இருக்கையை மற்றவருக்குக் கொடுப்பது எல்லார்க்கும் எளிதாக இருந்ததில்லை. பிரெஞ்சு ஓட்டுநர் ஒருவரின் கதையை இங்கே விரிவாகச் சொல்லவேண்டும்.

பியேர் லெவெக் என்பது அவர் பந்தயத்துக்காகச் சூடிக்கொண்ட பெயர். இயற்பெயர் பியேர் பூயென். 1905இல் பாரிசில் பிறந்தவர். அவருடைய மாமன் ஒருவர் மோட்டார் தோன்றிய தொடக்கக் காலத்திலே பெயர் பெற்ற பந்தய வீரர். அம்மாமன் தம் பெயரின் எழுத்துகளை இடம் மாற்றி அடுக்கி ‘லெவெக்’ என்னும் புனைபெயரைக் கொண்டிருந்தார். மருமகன் அப்பெயரையே தமக்கும் வைத்துக்கொண்டார். அப்பெயரோடு அம்மாமனின் புகழும் தமக்கு வரவேண்டும் என்ற ஆசையும் அவரைப் பற்றிக்கொண்டது போலும். 1951இல் லெ மானில் அவருடைய கார் நான்காவதாக வந்தது. அதற்கு முந்தைய ஆண்டு, அதாவது 1950இல், லூயி ரோசியே என்னும் மற்றொரு பிரெஞ்சுக்காரர் டால்போ காரில் வென்றிருந்தார். ரோசியேவுக்குத் துணை ஓட்டுநர் அவருடைய மகன்தான். மகன் ஓட்டியதோ இரண்டே சுற்று. மற்றவை யாவும் தந்தை ஓட்டியவை. இந்த வெற்றி லெவெக்கின் உள்ளத்தில் எத்தகைய விதையை ஊன்றியிருக்கும் என்பதை நாம் ஊகிக்கலாம்.

1952ஆம் ஆண்டு ஜூன் மாதம். போர் முடிந்து ஏழே ஆண்டுகள் ஆகியிருந்தன. ஜெர்மானிய மெர்சிடிஸ் நிறுவனம் தன் புதிய கார்களோடு பிரெஞ்சு மண்ணுக்கு வந்திருந்தது. அவற்றை எதிர்த்து டால்போ காரில் வந்தார் லெவெக். துணை ஓட்டுநர் ரெனே மார்ஷான். இரவு கவிந்தது, முன்னணியில் இருந்த கார்கள் ஒவ்வொன்றாகப் பழுதுபட்டு ஒதுங்கின. லெவெக் முதலிடத்துக்கு வந்தார். பெட்ரோலுக்காக நிற்கும்போதெல்லாம் மார்ஷான் ஏறுவதற்கு ஆயத்தமாக நின்றார். லெவெக் இறங்கவில்லை. விடிந்தது. இறங்கவில்லை. நண்பகல் ஆயிற்று. மனைவியும் நண்பர்களும் வேண்டிக்கொண்டும் அவர் இருக்கையை விட்டு எழவில்லை. இரண்டாவதாக வந்த காரினும் நான்கு சுற்று முன்னே இருந்தார் அவர். முடிவதற்கு ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரம் இருக்கையில், எஞ்சின் உள்ளே முறிந்து கார் நின்றுவிட்டது. மெர்சிடிஸ் கார்கள் முதலிரண்டு இடங்களையும் கைப்பற்றின.

களைப்பினால் கியரைத் தவறாக மாற்றி எஞ்சினை உடைத்துவிட்டார் என்று பலர் அவரைப் பழித்தனர். எஞ்சினில் முன்பே ஒரு கோளாறு இருந்தது, அதைப் பக்குவமாக ஓட்டும் கை தன்னுடையது ஒன்றுதான் என்று எண்ணியே அவர் இருக்கையைக் கொடுக்கவில்லை என்று கூறுவோரும் உண்டு. இரண்டில் எது உண்மை என்று வழக்காடுவது என் நோக்கமன்று. இரண்டாவது காரணம் உண்மையாயின் அவர்மேல் எனக்குப் பரிவு மிகுகின்றது. பழுதான பொருளை மற்றவர் கையில் கொடுக்க அஞ்சுவது ஆணவம் ஒன்றினாலேயே நிகழ்வதன்று. நம் வீட்டுப் பெரியவர்களிடத்திலும் அதைக் காண்கிறோம். ஆயினும், பந்தய உடையோடு 23 மணி நேரம் காத்து நின்று, ஒரு சுற்றும் ஓட்டாமல் வீடு திரும்பிய மார்ஷானைப் பற்றி நூல்கள் ஒரு வரிக்கு மேல் எழுதுவதில்லை.

மெர்சிடிஸ் நிறுவனம் லெவெக்கை மறக்கவில்லை. 1955இல் தன் அணியிலேயே அவருக்கு ஓர் இருக்கை கொடுத்தது. இம்முறை அவருக்குத் துணைவர் ஜான் ஃபிட்ச் என்னும் அமெரிக்கர். ஜூன் 11ஆம் நாள் மாலை 4 மணிக்குப் பந்தயம் தொடங்கிற்று. முதல் முறை லெவெக்குடையது. 6.26 மணி அளவில், முன்னே சென்ற மைக் ஹாதார்னின் ஜாகுவார் கார் பெட்ரோல் நிரப்புவதற்காக வேகத்தைத் தணித்தது. அதன் பின்னே வந்த லான்ஸ் மாக்ளினின் ஆஸ்டின் ஹீலி, இடிக்காமல் இருக்க விலகிற்று. விலகிய காரின் மேல் லெவெக்கின் மெர்சிடிஸ் ஏறிப் பறந்து, மக்கள் நெருக்கி நின்ற பக்கத்து மண்கரையில் மோதிச் சிதறிற்று. எஞ்சினும் முன் அச்சும் கூட்டத்துக்குள் பாய்ந்தன. பார்வையாளர்களில் எண்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். லெவெக்கும் மாண்டார். மோதுவதற்கு முன் அவர் கையை உயர்த்திக் காட்டியது தம்மைக் காப்பாற்றிற்று என்று, பின்னே வந்துகொண்டிருந்த அர்ஜென்டினா வீரர் ஃபாங்கியோ பிற்காலத்தில் கூறினார்.

பந்தயத்தை நிறுத்தவில்லை. நிறுத்தினால் கலைந்து செல்லும் மக்கள் திரள் மருத்துவ வண்டிகளுக்கு வழியை அடைத்துவிடும் என்பது நடத்தியவர்கள் சொன்ன காரணம். நள்ளிரவு கடந்தபின் மெர்சிடிஸ் அணி தன் மற்றக் கார்களை விலக்கிக்கொண்டது. விலகும்படி அவர்களை வற்புறுத்தியவர்களில் ஒருவர், தம் முறைக்காகக் காத்திருந்து அந்த இருக்கையில் ஏறவே நேராத ஜான் ஃபிட்ச். அவர் பிற்காலத்தில் சாலைப் பாதுகாப்பிலே தம் சிந்தையைச் செலுத்தினார். நெடுஞ்சாலை பிரியும் இடங்களில், மோதும் வண்டியின் வேகத்தை விழுங்கிக்கொள்ளும் மணல் நிரப்பிய பீப்பாய்களை வரிசையாக நிறுத்தும் முறை அவர் கண்டது. அமெரிக்கச் சாலைகளில் அது பலர் உயிரைக் காத்திருக்கின்றது. 2012இல், 95ஆம் வயதில் அவர் மறைந்தார். லெ மான் பந்தயத்தில் வென்றவர்கள் பலரைக் காட்டிலும், அன்று ஓட்டாமற்போன இம்மனிதரின் பெயர் நிலைத்து நிற்கத் தக்கது என்பது என் கருத்து.

இவற்றையெல்லாம் இவ்வளவு விரித்துச் சொன்னதற்குக் காரணம், தமிழ்நாட்டிலிருந்து லெ மானுக்குப் போன முதல் மனிதரின் கதையும் இத்தகையதே என்பதுதான்.

தமிழ்நாட்டில் மோட்டார்ப் பந்தயத்தின் தொடக்கத்தைத் தேடுவோர் சோழவரத்துக்குப் போகவேண்டும். இரண்டாம் உலகப் போரின்போது சென்னைக்கு வடக்கே அமைத்த விமான ஓடுதளம் அங்கே இருந்தது. போர் முடிந்தது, விமானங்கள் போயின, நீண்ட தளம் வெறுமையாய்க் கிடந்தது. 1953இல் சென்னை மோட்டார் விளையாட்டுக் கழகம் தோன்றிற்று. அதை நிறுவியவர்களில் ஒருவர் இந்து சந்தோக். ஆண்டுதோறும் நடந்த சோழவரப் பந்தயங்களுக்குச் சென்னையிலிருந்தும் சுற்றுப்புறங்களிலிருந்தும் மக்கள் திரண்டு போவார்கள். 1990இல் திருப்பெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத்துக்கென்றே ஒரு சுற்றுச்சாலை அமைந்த பிறகு சோழவரத்தின் காலம் முடிந்தது.

கோயம்புத்தூரின் பங்கையும் சொல்லாமல் விடலாகாது. அங்கே கரிவரதன் என்பார், மாருதி காரின் எஞ்சினைக் கொண்டு ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களைச் செய்தார். வெளிநாட்டுக் கார் வாங்க வகையில்லாத இளைஞர்களும் பந்தயம் ஓட்ட அவை வழி திறந்தன. 1995இல் விமான விபத்தொன்றில் அவர் மாண்டார். செட்டிபாளையத்தில் உள்ள பந்தயச் சாலை இன்று அவர் பெயரால் விளங்குகின்றது.

அதே கோயம்புத்தூரில் வளர்ந்தவர் நரேன் கார்த்திகேயன். 1977இல் பிறந்தவர். தந்தையார் ஜி. ஆர். கார்த்திகேயன் தென்னிந்திய ராலிப் பந்தயத்தைப் பலமுறை வென்றவர். 1992இல், பதினைந்து வயதில், நரேன் பிரான்சிலுள்ள எல்ஃப் வின்ஃபீல்டு பந்தயப் பள்ளிக்குப் போய்ப் பயின்றார். பிறகு இங்கே மாருதிப் பந்தயங்கள், இங்கிலாந்தில் பல ஆண்டுகள், ஜப்பானில் ஓர் ஆண்டு என்று அலைந்து, 2005இல் ஜோர்டான் அணியில் சேர்ந்து ஃபார்முலா ஒன் பந்தயம் ஓட்டிய முதல் இந்தியரானார். அவ்வாண்டு அமெரிக்கப் பந்தயத்தில் நான்காவதாக வந்தார். சக்கரத் தகராறினால் பெரும்பாலான கார்கள் விலகி, ஆறே கார்கள் ஓடிய பந்தயம் அது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுவதே நேர்மை.

2009இல் அவர் லெ மானுக்கு வந்தார். கோலஸ் என்னும் தனியார் அணி, டீசல் எஞ்சின் பூட்டிய ஆடி கார் ஒன்றைக் கொண்டுவந்திருந்தது. அந்தக் காருக்கு மூவர்: நரேன், நெதர்லாந்தின் சார்ல்ஸ் ஸ்வோல்ஸ்மன், ஜெர்மனியின் ஆந்த்ரே லோட்டரர். அதுவரை இந்தியர் எவரும் அப்பந்தயத்தில் ஓட்டியதில்லை. ஓட்டியிருந்தால் முதல்வர் என்ற பெயர் நரேனுக்கே உரியது. பந்தயம் தொடங்குவதற்குச் சற்று முன்பு, சாலையோரச் சுவரிலிருந்து குதித்தபோது அவர் விழுந்தார், தோள்மூட்டு நழுவிவிட்டது. மருத்துவர்கள் அவரை ஓட்டவிடவில்லை. மூவர் செய்யவேண்டிய வேலை இருவர்மேல் விழுந்தது.

முந்நூறு கிலோமீட்டர் வேகத்தில் வருகின்ற ஆபத்துக்கு ஆயத்தமாகி வந்தவரை, ஒரு சுவர் வீழ்த்திற்று. விதி என்பார் சிலர். எனக்கோ எல்கைப் பந்தயத்தில் விழுந்த அந்தத் துணைவரின் முழங்கால்தான் நினைவுக்கு வருகிறது.

மற்ற இருவரும் மாறி மாறி இரவும் பகலும் ஓட்டிக் காரை ஏழாம் இடத்துக்குக் கொண்டுவந்தார்கள். லோட்டரருக்கு அதுவே முதல் லெ மான். மூன்றாமவன் இல்லாத குறை தெரியாதவாறு அவர் ஓட்டியதைப் பலர் கவனித்தனர். அடுத்த ஆண்டே ஆடி நிறுவனம் அவரைத் தன் சொந்த அணியில் சேர்த்துக்கொண்டது. 2011இல் அவருடைய கார் முதலாவதாக வந்தது. 24 மணி நேர ஓட்டத்துக்குப் பிறகு, பின்தொடர்ந்த பெஜோ காருக்கும் அதற்கும் இடையே இருந்தது 14 நொடிக்கும் குறைவான இடைவெளி. 2012லும் 2014லும் மீண்டும் வென்றார். அன்று நரேன் சுவரிலிருந்து விழாதிருந்தால் லோட்டரரின் திறமை வெளிப்படாமற் போயிருக்கும் என்று நான் சொல்லவில்லை. திறமை வேறு வழியாகவும் வந்திருக்கலாம். ஆனால் நடந்த வரலாற்றில், ஒருவர் இழந்த ஓட்ட நேரம் மற்றொருவரின் வாழ்க்கைக்கு வாயிலாயிற்று என்பதை மறைக்கவும் முடியாது.

மூன்றாண்டு கழித்து, 2012 ஜூன் 16ஆம் நாள், லெ மானில் ஓட்டிய முதல் இந்தியர் என்னும் பெயரைச் சென்னையில் பிறந்த கருண் சந்தோக் பெற்றார். சோழவரக் காலத்தில் கழகம் நிறுவிய இந்து சந்தோக்கின் பேரர் அவர். தந்தை விக்கி சந்தோக்கும் ராலி ஓட்டியவர். ஆக, பாட்டனார் காலத்தில் கைவிட்ட விமானத் தளத்திலே தொடங்கியது பேரன் காலத்தில் லெ மானை அடைந்தது.

கருணின் முன்வரலாற்றைச் சுருக்கிச் சொல்கிறேன். 1984இல் பிறந்தவர். 2006இல் ஆசியாவின் ஃபார்முலா ரெனோ வி6 பட்டத்தை வென்றார். 2007இல் பெல்ஜியத்தின் ஸ்பா சாலையில், ஃபார்முலா ஒன்றுக்கு அடுத்த படியான பந்தயம் ஒன்றில் வெற்றி பெற்றார். 2010இல் ஹிஸ்பானியா என்னும் புதிய அணி அவருக்கு ஃபார்முலா ஒன் இருக்கை கொடுத்தது. பஹ்ரைனில் நடந்த முதல் பந்தயத்துக்கு அவர் போனபோது அவருடைய கார் முற்றாக ஆயத்தமாகவில்லை. இடவரிசையைத் தீர்மானிக்கும் சுற்றுகளின்போதுதான் அது முதன்முதலாகச் சாலையில் ஓடிற்று. பத்துப் பந்தயங்களுக்குப் பின் அவ்விருக்கை வேறொருவருக்குப் போயிற்று. அடுத்த ஆண்டு லோட்டஸ் அணியில் ஒரே ஒரு பந்தயம். நரேனுக்கும் அதே 2011இல் அந்த ஹிஸ்பானியா அணியிலேயே இருக்கை கிடைத்து, ஆண்டின் இடையிலே கைநழுவி, இந்தியப் பந்தயத்தின்போது மீண்டும் கிடைத்தது.

இங்கே, கேட்டுக்கொண்டிருக்கும் கறம்பக்குடி நேயர் ஒருவர் உள்ளுக்குள் எழுப்பக்கூடிய கேள்விக்கு விடை சொல்லவேண்டும். ‘ஐயா, இது பணம் படைத்தவர் விளையாட்டு அல்லவா? இதில் நமக்கு என்ன?’ என்று அவர் கேட்டால், பணம் படைத்தவர் விளையாட்டு என்பதை நான் மறுக்கப்போவதில்லை. வசதியுள்ள குடும்பத்தில் பிறந்த இவ்விருவருக்குமே பணம் போதவில்லை என்பதுதான் வேடிக்கை. ஃபார்முலா ஒன் பந்தயத்தின் பின்வரிசை அணிகளில் ஓட்டுநரின் திறமையைப் போலவே அவர் பின்னே நிற்கும் விளம்பரதாரரின் பணமும் எடைபோடப்படுகின்றது. அங்கே இருக்கை ஒன்று. அதற்குப் போட்டியிடுவோர் பலர். ஒருவர் ஏறினால் மற்றவர் இறங்கியே தீரவேண்டும். லெ மானிலும் பணம் வேண்டும். ஆனால் அங்கே அந்த இருக்கை மூவருக்கும் பொதுவானது. ஃபார்முலா ஒன்றில் இடமிழந்தவர்கள் பலர் அங்கே போய் நெடுங்காலம் மதிப்போடு ஓட்டியிருக்கிறார்கள்.

2012இல் ஜே.ஆர்.எம். அணியின் ஹோண்டா எஞ்சின் பூட்டிய காரைக் கருணோடு பகிர்ந்துகொண்ட இருவர் யார் என்று பார்த்தால் வியப்பாயிருக்கும். ஒருவர் டேவிட் பிராபம். மூன்று முறை உலக வாகை சூடிய ஆஸ்திரேலியர் ஜாக் பிராபத்தின் மகன். நரேன் ஓட்டமுடியாமற்போன அதே 2009 பந்தயத்தில் பெஜோ காரில் முதலிடம் பெற்ற மூவரில் அவர் ஒருவர். மற்றவர் ஸ்காட்லாந்தின் பீட்டர் டம்பிரெக். 1999இல் அதே லெ மானில் அவர் ஓட்டிய மெர்சிடிஸ் கார் நெடுஞ்சாலையில் காற்றால் மேலே தூக்கப்பட்டு, வானில் புரண்டு, வேலிக்கு அப்பால் மரங்களிடையே போய் விழுந்தது. அவர் பெருங்காயமின்றிப் பிழைத்தார். 1955இன் நினைவு நீங்காத மெர்சிடிஸ் நிறுவனம் அன்றே தன் எஞ்சிய காரையும் பந்தயத்திலிருந்து விலக்கிற்று. வென்றவரும், வானிலிருந்து விழுந்து எழுந்தவரும், சென்னையிலிருந்து வந்த புதியவரும் ஓர் இருக்கையில் மாறி மாறி அமர்ந்தார்கள்.

ஐம்பதுக்கும் மேற்பட்ட கார்கள் அன்று புறப்பட்டன. எல்லாம் ஒரே வேகத்தன அல்ல. நம் எல்கைப் பந்தயத்தில் பெரிய மாட்டையும் பூஞ்சிட்டையும் தனித்தனியே ஓடவிடுவோம். லெ மானில் விரைவான கார்களும் அவற்றினும் மெதுவான கார்களும் ஒரே சாலையில், ஒரே நேரத்தில் ஓடுகின்றன. விரைவான காரில் இருப்பவர் இரவு முழுவதும் மற்றவற்றைத் தாண்டிக்கொண்டே போகவேண்டும். முன்னே போகும் காரின் சிவப்பு விளக்கைக் கொண்டு அது எத்தகைய கார், அதை ஓட்டுகிறவர் தம்மைப் பார்த்துவிட்டாரா இல்லையா என்பதை நொடிப்பொழுதில் கணிக்க வேண்டும். ஒருமுறை தவறாகக் கணித்தால் மூவரின் உழைப்பும் வீண். அணித்தோழர் ஒருவர் தூங்கிக்கொண்டிருப்பார். மற்றவர் அடுத்த முறைக்கு உடை மாற்றிக்கொண்டிருப்பார். அவ்விருவரின் நம்பிக்கையையும் சேர்த்து ஓட்டுநர் சுமந்து போகிறார். லெவெக் தாங்கமுடியாமற்போன சுமை அது என்று நான் நினைக்கிறேன். தம்முடைய உயிரைச் சுமக்க அவருக்குத் தெரிந்திருந்தது. அதை மார்ஷான் கையில் கொடுக்க அவரால் இயலவில்லை. இக்காலத்து விதி ஒருவரை மொத்தம் 14 மணி நேரத்துக்கு மேல் ஓட்ட விடுவதில்லை. 1952இன் லெவெக் இன்று வந்தாலும் இறங்கித்தான் ஆகவேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் பந்தயம் முடிந்தபோது கருணின் கார் ஆறாம் இடத்தில் இருந்தது. முதலிடத்தில் வந்த ஆடி கார் 378 சுற்று, அதாவது 5,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடியிருந்தது. மின்மோட்டாரும் எஞ்சினும் சேர்ந்து இயங்கும் கலப்புக் கார் ஒன்று லெ மானில் வென்றது அதுவே முதன்முறை. அதை ஓட்டிய மூவரில் ஒருவர் நரேனின் பழைய அணித்தோழர் ஆந்த்ரே லோட்டரர். நரேன் அந்த ஞாயிற்றுக்கிழமை லெ மானில் இல்லை. ஃபார்முலா ஒன்றின் கடைசி வரிசைகளில் மீண்டும் அவர் போராடிக்கொண்டிருந்த ஆண்டு அது.

கருண் அதன்பின் 2017 வரை பலமுறை லெ மானுக்குப் போனார். இப்போது பந்தயங்களைத் தொலைக்காட்சியில் விளக்கிச் சொல்லும் பணியில் பெயர் பெற்றிருக்கிறார். நரேன் ஜப்பானுக்குப் போய்ப் பல ஆண்டுகள் ஓட்டினார். 2019 நவம்பரில் ஃபூஜியில், ஜப்பானியக் கார்களும் ஜெர்மானியக் கார்களும் ஒன்றாகக் கலந்த பந்தயம் ஒன்றில், ஹோண்டா காரில் வந்து முதலிடம் பெற்றார். அப்போது அவருக்கு வயது 42.

லெ மான் 24 மணிப் பந்தயத்தில் ஓட்டும் வாய்ப்பு நரேனுக்குப் பிறகு அமையவில்லை. ஆயினும் அப்பெயரைத் தாங்கிய வேறொரு பந்தயத்துக்கு அவர் வந்தார். 2021 பிப்ரவரியில், ஆசிய லெ மான் தொடர் துபாயிலும் அபுதாபியிலும் நடந்தது. அதில் இந்திய ஓட்டுநர்களை மட்டுமே கொண்ட ஓர் அணி முதன்முதலாகக் களத்தில் இறங்கிற்று. பெங்களூரைச் சேர்ந்த இளைஞர் அர்ஜுன் மைனி, நவீன் ராவ், நரேன் கார்த்திகேயன் என்று மூவர். அங்கே பந்தயம் ஒன்றுக்கு நான்கு மணி நேரம். லெ மானில் தோள் நழுவி நின்ற நாளுக்குப் பன்னிரண்டு ஆண்டு கழித்து, நாற்பத்துநான்காம் வயதில், மூன்று இந்தியர் பகிர்ந்துகொண்ட ஓர் இருக்கையில் தம் முறை வந்தபோது அவர் ஏறி அமர்ந்தார்.